காதிலிருந்து காது வரை

காவியா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, அவள் புருஷன் விமல்ராஜ் பைக்கிலிருந்து விழுந்த கதையை ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நாய் குறுக்கே வந்தது என்றான். ஒருவன் ரோட்டில் ஜல்லி கொட்டிக் கிடந்தது என்றான். இன்னொருவன் சூளகிரிப் பக்கம் லாரிக்காரன் ஒதுக்கிவிட்டான் என்றான். பெரியவர் கரியப்பன் மட்டும் டாக்டரிடம் சுருக்கமாக முடித்தார்.

"பைக்குங்க மேடம். ஸ்லிப்பு."

காவியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கையில் ஒரு சாவி இருந்தது. விமல்ராஜின் பைக் சாவி. கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சிப்காட்டிலிருந்து அந்தப் பைக்கைத்தான் ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு மேலே ஏறி வந்திருந்தாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

நடந்தது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், டாக்டரைத் தவிர. அன்று காலை விமல்ராஜ் பஸ் ஏறி, பாரூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் ஊருக்கு எருது விடும் விழாவுக்குப் போனான். மூங்கில் சிம்புகளைக் கட்டி, ஜிகினாக் காகிதம் ஒட்டி, ஒரு தட்டி செய்வார்கள். அதை எருதின் இரண்டு கொம்புக்கும் நடுவே மாட்டி ஓட விடுவார்கள். ஓடுகிற எருதின் தலையிலிருந்து அந்தத் தட்டியைப் பிடுங்குகிறவன்தான் அன்றைக்கு ஊரில் ஆம்பளை. இந்த வருஷம் அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி இல்லாமலே விட்டார்கள். விழாக் குழுத் தலைவர் கரியப்பன், விமல்ராஜின் சொந்தப் பெரியப்பா. விமல்ராஜின் முகத்தில் மோதித் தூக்கி எறிந்ததும் அவர் வீட்டு எருதுதான்.

எருது முட்டிய ஆளை அந்த ஊரில் யாரும் எருது முட்டிய ஆளாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில்லை. விலா உடைந்தவன் தென்னை மரத்திலிருந்து விழுந்தவன் ஆகிவிடுவான். தொடை கிழிந்தவன் வேலிக் கம்பியில் மாட்டியவன் ஆகிவிடுவான். விமல்ராஜுக்கும் அந்த வழக்கப்படியே எல்லாம் ஆனது. தெரிந்த கிளினிக்கில் வைத்து முகத்திலிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் கழுவினார்கள். புருவத்துக்குக் கீழே, இமையில் இருந்த சின்னக் கிழிசலுக்கு அவசரமாகத் தையல் போட்டார்கள். குழுவின் மஞ்சள் பனியனைக் கழற்றி வேறு சட்டை மாட்டினார்கள். கிருஷ்ணகிரியில் இறங்கினால் தெரிந்த போலீஸ்காரன் எவனாவது நிற்பான் என்று, அதையும் தாண்டி நேரே ஓசூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கழற்றிய பனியன் ஒரு பிளாஸ்டிக் கவரில் மாமியார் நாராயணம்மாவின் மடியில் இருந்தது. காவியா அதை வாங்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"துவைக்கப் போட்டுறுமா, ரத்தம் காஞ்சா போவாது" என்றாள் மாமியார்.

"பாத்துக்கறேன் அத்தை."

கரியப்பன் அவளை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அவர் இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த காயம் இருந்தது. எருதின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து விமல்ராஜை மீட்டவர் அவர்தான். அதைக் காவியா மறக்கவில்லை.

"பொண்ணு, நீ எங்க ஊருக்கு வாழ வந்தவ. சொல்றத கேட்டுக்கோ. பைக்குன்னு எழுதியாச்சி. அத மாத்துனா கேஸு. கேஸுன்னா பசங்க எல்லாம் உள்ள போவானுங்க. உம்புருசனும் குழுல இருக்கறவன்தான், அவனையும்தான் அள்ளிக்கினு போவான். என் எருத எங்கயோ கொண்டும்போயி கட்டிருவான். அடுத்த வருசம் விழாவே கிடையாது."

"அவரு மூஞ்சி மாமா?"

"மூஞ்சிய டாக்டரு பாத்துக்கும். உடஞ்சா ஒட்டிக்கும். வாலிபப் பையன்."

"உங்களுக்கு எருது மேல கீற கவலை..."

"ஏய்! அவன தூக்கி வளத்தவன் நானு. எங்கிட்டயே பேசறயா?"

காவியா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் சும்மா இருந்தாள். எலும்பு எப்படி உடைந்தால் என்ன, உடைந்ததை ஒட்டுகிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

முக எலும்பு அறுவை செய்கிற டாக்டர் லிபியா பாளையங்கோட்டைக்காரி. பேச்சில் அந்த ஊர் இழுப்பு போகவில்லை. சாயங்காலம் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். விமல்ராஜின் மண்டையோடு வெள்ளையாகத் திரையில் சுழன்றது. இடது கன்ன எலும்பு உள்ளே அமுங்கியிருந்தது. கண்குழியின் தரை விண்டிருந்தது. கண்ணுக்கு மேலே, கூரை மாதிரி இருக்கிற எலும்பிலும் ஒரு விரிசல்.

"பயப்படாதீங்க. இத சரி பண்ண வெளிய கத்தியே வைக்க வேண்டாம். மேல் உதட்ட தூக்கி, ஈறுக்கு மேல உள்பக்கமா வெட்டி கன்னத்துக்குப் போவேன். கீழ் இமைய இழுத்துட்டு அதோட உள்தோல் வழியா கண்ணுக்கு அடியில போவேன். எலும்ப தூக்கி நிறுத்தி, சின்னத் தகடு வச்சு ஸ்க்ரூ போட்டுருவேன். கண்ணாடில பாத்தா ஒரு கோடு தெரியாது."

"அந்த தேவுடுதான் உங்கள அனுப்பிச்சிருக்கான்" என்று நாராயணம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்ப மேல கீற விரிசலு?" என்று காவியா கேட்டாள்.

"அது நகரல. தொட வேண்டாம், தானா கூடிரும். இங்க கண்ணுக்கு மேல கறுப்பா ஒரு கோடு தெரியுதுல்லா? அது காத்து. மூக்கு பக்கத்து அறை உடைஞ்சா அதுல உள்ள காத்து இப்பிடி உள்ள ஏறும். கரைஞ்சிரும்." டாக்டர் திரும்பி ஆண்களைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கேன். இமையில ஒரு கிழிசல தச்சு கொண்டுவந்திருக்கீங்க. அது வழியா ஏதாவது குத்துச்சா? கம்பி, கண்ணாடி, குச்சி, எதாவது?"

"ஐயோ, தார் ரோடுங்க மேடம்" என்றார் கரியப்பன். "சும்மா வழவழன்னு கீற ரோடு."

பக்கத்தில் நின்றவன் தலையாட்டினான். ஜல்லி கொட்டிக் கிடந்தது என்று மதியம் சொன்னவன் அவன்தான்.

குச்சி என்ற வார்த்தை காவியாவின் காதில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. அவள் விழாவுக்குப் போகவில்லை, ஷிப்டு இருந்தது. தட்டி எப்படி இருந்தது, எங்கே உடைந்தது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் சொல்வார் ஒருவரும் இல்லை. நாளை காலை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

விடிந்தபோது விமல்ராஜுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இடது கண் இமை இரண்டும் சேர்ந்து பந்து மாதிரி புடைத்து நின்றது. தையல் போட்ட இடத்திலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்தது. நர்ஸ் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி. தொட்டுப் பார்த்துவிட்டு "ஏனம்மா, நிம்ம யஜமான்ரிகெ ஜ்வர ஜாஸ்தி ஆகிதே" என்று காய்ச்சல் ஏறியதைச் சொல்லிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்தார். இமையை மெதுவாக விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணை மேலே தூக்கச் சொன்னார். அது அசையவில்லை.

"வெளிச்சம் தெரியுதா?"

"மங்கலா" என்றான் விமல்ராஜ், வீங்கிய வாயால்.

டாக்டரின் முகம் மாறியது. "தார் ரோட்டுல விழுந்து உரசின காயம் ஒரே ராத்திரில இப்பிடி சீழ் வைக்காதே. வேற என்னவோ இருக்கு." யாரிடமும் சொல்லாமல் தனக்குத் தானே பேசினார்.

கட்டிலைச் சுற்றி ஊர்க்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். கரியப்பன் காவியாவைப் பார்த்தார். விமல்ராஜும் அவளைத்தான் பார்த்தான், இருந்த ஒற்றைக் கண்ணால். போர்வைக்கு அடியில் அவன் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வேண்டாம் என்று அந்தக் கை சொன்னது. பலமான பிடி. வளையல் நெளிந்தது.

காவியா அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு பைக் சாவியை எடுத்து டாக்டரின் முன்னால் நீட்டினாள்.

"மேடம், இவரு உழுந்தாருன்னு சொல்றாங்களே, அந்த பைக்கு சாவி இது. நேத்து காலைல இருந்து வண்டி எங்கிட்டதான் கீது. நான்தான் ஓட்டிக்கினு வந்தேன். கீழ நிக்குது, போயி பாருங்க."

"ஏய் பொண்ணு!" கரியப்பன் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"இவர எருது முட்டுச்சி மேடம். கொம்புல மூங்கில் தட்டி கட்டி வுட்ட எருது. அத புடுங்கப் போனாரு. தட்டியோட சேத்து மூஞ்சில இடிச்சிருக்குது. எல்லாரும் பொய் சொன்னாங்க. நானும் நேத்து சும்மா நின்னேன், அதுவும் பொய்தான்."

"பைத்தியம் மேடம் இது, புருசனுக்கு ஆனத பாத்து..."

"நீங்க பேசாதீங்க" என்றார் டாக்டர் லிபியா. கரியப்பனைப் பார்க்கக்கூட இல்லை. "மூங்கிலா?"

"ஆமாங்க. சிம்பு சிம்பா கட்டுவாங்க."

டாக்டர் வார்டுக்கு வெளியே இருந்த கம்ப்யூட்டருக்கு வேகமாகப் போனார். காவியாவும் பின்னாலேயே போனாள். முந்தின நாள் பார்த்த அதே படம். கண்ணுக்கு மேலே அதே கறுப்புக் கோடு. டாக்டர் அதைப் பெரிதாக்கி, எதையோ திருகி, சாம்பல் நிறங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். காற்று என்றால் ஓரம் பிசிறி நெளிந்து கிடக்க வேண்டும். இந்தக் கோடு ரூல் போட்ட மாதிரி நேராக இருந்தது. இமையின் கிழிசலில் தொடங்கி, கண்ணுக்கு மேலாக ஓடி, கூரை எலும்பின் விரிசலைத் தாண்டி நுனி நின்றது.

"காஞ்ச மரம் ஸ்கேன்ல காத்து மாதிரிதான் தெரியும்" என்றார் டாக்டர். "நானும் காத்துன்னு நம்பிட்டேன். ரோட்டுல விழுந்தவன் கண்ணுக்குள்ள மூங்கிலத் தேட எனக்கு எப்பிடித் தோணும்?"

"எடுக்க முடியுமா மேடம்?"

"எடுத்தே ஆகணும். ஆனா நேத்து சொன்ன வழியில போக முடியாது. உதட்டு வழியாவும் கீழ் இமை வழியாவும் போனா கன்னத்தத்தான் சரி பண்ணலாம். இது மேல இருக்கு. நுனி மூளை உறையத் தொட்டுட்டு நிக்குது. குத்தின ஓட்ட வழியாவே பிடிச்சு இழுத்தா பாதி உடைஞ்சு உள்ள தங்கிரும். மேல இருந்துதான் இறங்கணும்."

தன் தலையிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஒரு காதுக்கு மேலிருந்து உச்சி வழியாக மறு காதுக்கு. "இங்க வெட்டி, நெத்தித் தோலை அப்பிடியே புருவம் வரைக்கும் கீழ மடக்கிப் போடுவோம். மூளை டாக்டரும் கூட நிப்பாரு. புருவத்துக்கு மேல ஒரு துண்டு எலும்ப ஜன்னல் மாதிரி எடுத்துட்டு, கண்ணு கூரையத் திறந்து, கண்ணால பாத்து உருவணும். பொறவு எலும்ப வச்சுத் தகடு போட்டு மூடணும். கண்ணு தப்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இத விட்டா கண்ணும் போவும், ஆளும் போவும்."

"செய்யுங்க."

"போலீசுக்குச் சொல்லணும் நானு. தெரிஞ்ச பிறகு மறைக்க முடியாது."

"சொல்லுங்க. எம்பேரப் போட்டே சொல்லுங்க."

திரும்பி வந்தபோது வார்டு வாசலை அடைத்துக்கொண்டு கரியப்பன் நின்றிருந்தார்.

"இன்னையோட நீ ஊருக்குள்ள காலு வெக்கக் கூடாது. எங்க ஊட்டு நல்லது கெட்டதுக்கு உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டோம்."

"அனுப்பாதீங்க. அங்கேருந்து வர சேதில ஒண்ணாச்சும் நெசமா கீதா, கவலப்பட?"

"விழாவ கெடுத்தவன்னு உம்பேரு நிக்கும்டி!"

"நிக்கட்டும் மாமா. உங்க எருது கட்டுத்தறில நிக்கறாப்புல நல்லா நிக்கட்டும். இவரு கண்ணு மூங்கில வெச்சிக்கினு அழுவிக்கினு கெடக்கும், நீங்க அடுத்த வருசத்துக்கு நோட்டீஸ் அடிப்பீங்களா? வழிய வுடுங்க."

அவர் விடவில்லை. அவள் அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

விமல்ராஜ் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். முடி வெட்டுகிறவர் வேலையை நர்ஸே செய்தாள். ஓடுகிற மெஷினால் அவன் தலையில் காதிலிருந்து காதுக்கு ஒரு பட்டை வழித்தாள். மாதாமாதம் செம்பட்டைச் சாயம் போட்டு, எண்ணெய் காட்டாமல் வளர்த்த முடி. நாராயணம்மா வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

"தலய பொளக்கச் சொல்லிட்டாளே! உதட்டு வழியா ஆவுறத மண்டைய பொளந்து பாக்கச் சொல்லிட்டாளே!"

"அத்தை, உங்க மவன் கண்ணு முடி மாதிரி இல்ல. போனா மொளைக்காது."

"காவி" என்றான் விமல்ராஜ் சுவரைப் பார்த்தபடியே. "என்ன ஊருல தலகாட்ட முடியாம பண்ணிட்ட."

"மொதல்ல தல இருக்கட்டும். காட்றத அப்புறம் பாக்கலாம்."

ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டி போன பிறகு காவியா வெளியே பெஞ்சுக்கு வந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். கல்லாவியிலிருந்து அவள் அம்மா போன் செய்தாள், எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவாள். அழுதால் அதை அந்த ஆட்கள் பார்ப்பார்கள். அவர்கள் எதிர்ப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். முதலில் ஜல்லிக்காரன் தலையைக் குனிந்தான், பிறகு நாய்க்காரன். கரியப்பன் கடைசிவரை குனியவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு டாக்டர் லிபியா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மூங்கில் சிம்பு. ஒரு முனையில் ரோஸ் நிற ஜிகினாக் காகிதம், கசங்கி, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த ரோஸ் காகிதத்தை வாங்கிவந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தட்டிக்கு ஒட்டியவர்கள் அவர்கள்தான்.

"முழுசா வந்துட்டு" என்றார் டாக்டர். "கன்னத்தையும் உதட்டு வழியா போய்த் தூக்கி நிறுத்தியாச்சு. கண்ணப் பத்தி இப்பக் கேக்காதீங்க. வீக்கம் வடியட்டும்."

நாராயணம்மா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காவியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபன் டப்பாவைத் திறந்து இட்லியை அவள் கையில் வைத்தாள்.

வீக்கம் வடிவதற்குள் விமல்ராஜ் காவியாவிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. தண்ணி. போர்வை. போதும். போ. அவள் போகவில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தாள். அவன் போனில் ஊர்க்காரர்களின் குரூப்பிலிருந்து அவனை நீக்கிவிட்டிருந்தார்கள். அதை அவன் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

இமை திறந்த அன்று காலை வாக்குமூலம் வாங்க அவர்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்திருந்தார். கூடவே கரியப்பனும் வந்தார், மடித்துக் கட்டிய வேட்டியோடு, கூப்பிடாத விருந்தாளியாக.

"தம்பி, ஆஸ்பத்திரில ரெண்டு விதமா எழுதி வெச்சிக்கிறாங்க" என்றார் ஏட்டு. "உம்பொண்டாட்டி ஒண்ணு சொல்லுது, பெரியவரு ஒண்ணு சொல்றாரு. உன் வாயால நீ சொல்லு."

விமல்ராஜ் ஏட்டையும் பார்க்கவில்லை, காவியாவையும் பார்க்கவில்லை.

"மொதல்ல நான் பாத்துக்கிடுதேன்" என்று டாக்டர் லிபியா நடுவில் புகுந்தார். தலைக் கட்டை அவிழ்த்தார். காதிலிருந்து காது வரை தையல், கோணிப்பையைத் தைத்த மாதிரி. டாக்டர் தன் உள்ளங்கையால் அவன் வலது கண்ணை மூடினார். "இடது கண்ணால என்ன தெரியுது? படிக்க எதாவது காட்டணுமே..."

காவியா தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். கவரைப் பிரித்து மஞ்சள் பனியனை எடுத்தாள். துவைக்காத பனியன். ரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதை இரண்டு கையாலும் விரித்து, அவன் முகத்துக்கு எதிரே பிடித்தாள்.

"இத படிங்க."

ஏட்டு எட்டிப் பார்த்தார். கரியப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"டேய் விமலு" என்றார் தாழ்ந்த குரலில். "கண்ணு தெரியலன்னு சொல்லிட்டு படுடா. போதும்."

விமல்ராஜின் இடது கண் சிவந்து, நீர் வழிந்து, பனியன் மேலே மெல்ல நகர்ந்தது. மேலே போனது, கீழே வந்தது. காவியா அந்தக் கருவிழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றது.

"தெரியலன்னு சொல்லணுமா பெரிப்பா?" என்றான் விமல்ராஜ். தகடு வைத்த கன்னத்தால் பேச்சு குழறியது. "தெரியற கண்ண தெரியலன்னு சொல்லணுமா?"

மறுபடி பனியனைப் பார்த்தான்.

"எருது" என்று அவன் படித்தான். "விடும். விழா. குழு." ஒவ்வொரு வார்த்தையும் வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்டது.

"கீழ?" என்றாள் காவியா. "கீழ சின்னதா ஒண்ணு கீதே."

அவன் கண்ணைச் சுருக்கினான். வலித்திருக்க வேண்டும், முகம் கோணியது. ஆனாலும் படித்தான்.

"உபயம். கரியப்பன்."

டாக்டர் கையை எடுத்தார். "சின்ன எழுத்தே தெரியுது" என்றார். "கண்ணு பொழைச்சிட்டு."

காவியா பனியனை நாலாக மடித்தாள். ஏட்டு கை நீட்டினார். அவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, பைக் சாவியை எடுத்து விமல்ராஜின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.